சிவகாசி வானத்துச் சிவப்பு… பவளத் தொட்டிக்குள்ளும் இருக்கிறது!

தீபாவளி ராத்திரி. வானத்தில் ஒரு ஃபேன்சி வெடி சிவப்பாக விரிகிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம். சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய பெயரே இல்லை. பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குத் தாமிரம். கருமருந்துக்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். தீப்பெட்டியின் ஓரத்தில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ்.

இதே பட்டியலைக் கொண்டுபோய், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி பவள உயிரி வளர்க்கிற ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். ‘ரீஃப் டேங்க்’ என்பார்கள் அதை. ஸ்ட்ரான்சியம், பேரியம், பொட்டாசியம், தாமிரம், நைட்ரேட், பாஸ்பேட்… ‘இதெல்லாம் என் தண்ணியில எவ்வளவு இருக்கு?’ என்பதுதான் அவருக்கு வாராவாரம் வருகிற கவலை!

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசியிலிருந்து தூத்துக்குடி கடலுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். கரிசல் மண், உவர்த் தண்ணீர், மே மாதத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யூடியூப் பார்த்துவிட்டு, ‘நாமும் ஒரு பவளத் தொட்டி வைக்கலாமா?’ என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால், பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்கி ஊற்றுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பணம் போவது மட்டுமல்ல, உயிரும் போகும்; சட்டமும் குறுக்கே வரும்.

7 கிலோ உப்பு, 12 மில்லிகிராம் அயோடின்

நடுத்தரமான ஒரு தொட்டி, 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அப்படியானால் தொட்டிக்கு மொத்தம் 7 கிலோ. இதில் கால்சியம் மட்டும் 80 கிராம் சொச்சம். மெக்னீசியம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பொட்டாசியம் 80 கிராம்.

இனிமேல்தான் வேடிக்கை. ஸ்ட்ரான்சியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான். 200 லிட்டருக்கும் சேர்த்து 1.6 கிராம். ஒரு சிட்டிகை! அயோடின் இன்னும் மோசம். மொத்தத் தொட்டிக்கும் 12 மில்லிகிராம். இரும்பும் தாமிரமும் அதைவிடப் பல மடங்கு குறைவு, நம் வீட்டுத் தராசு எதிலும் நிற்காது.

விவசாயம் செய்கிறவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று பேரூட்டம் மூட்டைக் கணக்கில் போடுகிறோம். ஜிங்க் சல்பேட், போரான் எல்லாம் நுண்ணூட்டம், கொஞ்சமாகத்தான். நுண்ணூட்டத்தை மூட்டைக் கணக்கில் போட்டால் பயிர் கருகும். பவளத் தொட்டியிலும் அதே கதைதான். ஆனால், வயலில் தப்பாகப் போட்டதை மண்ணும் மழையும் ஓரளவு சரிக்கட்டிவிடும். 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வசதி இல்லை.

‘உப்புதானே, கல் உப்பு வாங்கிக் கரைச்சிட்டா போச்சு’ என்று சிலர் நினைப்பதுண்டு. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் கூடாது என்பது புரியும். கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற, கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைடு, நம் சமையல் உப்பு, பூக்கிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்பான தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. ஆக, உப்பளத்து உப்பு என்பது கடலின் ஒரு பங்காளி மட்டும்தான், குடும்பமே அல்ல. அதனால்தான் தொட்டிக்கென்று எல்லாத் தனிமங்களையும் கணக்காகச் சேர்த்த உப்புக் கலவை தனியாக விற்கிறார்கள்.

அதைக் கரைக்கிற தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர், முடிந்தால் அதற்கு மேல் ஒரு டி.ஐ. வடிகட்டியும் போட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுகிற தண்ணீர்தான் சரி. நம்ம ஊர் வெயிலுக்கு தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். எனவே தினசரி நிரப்புவதற்கு உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீர்தான். இதில் ஒன்று: ‘செம்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதாச்சே’ என்று பாட்டி பாசத்தோடு எடுத்து ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

வில்லன் சாப்பாடுதான்

பவளம் செடியா, விலங்கா? விலங்கு. ஆனால், தன் உடம்புக்குள் நுண்பாசியைக் குடிவைத்திருக்கிற விலங்கு. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துத் தருகிற உணவில்தான் பல பவளங்களின் பிழைப்பு பெருமளவு ஓடுகிறது. பாசிக்கு நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரில் அதிகமானால், வேண்டாத பாசி கண்ணாடியிலும் கல்லிலும் முளைத்துப் பவளத்தை மூடிவிடும். பாஸ்பேட் கூடினால் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதும் மந்தமாகிறது.

இவை எங்கிருந்து வருகின்றன? நாம் போடுகிற மீன் தீனியிலிருந்துதான். ஒரு கணக்கு பாருங்கள். தொட்டித் தண்ணீரில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது பெரும்பாலான வளர்ப்பாளர்களின் பழக்கம். 0.05 என்று வைத்தால், 200 லிட்டருக்கும் சேர்த்து 10 மில்லிகிராம். உலர்ந்த மீன் தீனியில் தோராயமாக நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராம் தீனியில் உள்ள பாஸ்பரஸ் முழுக்கக் கரைந்தால் சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பேட். அதாவது, குழந்தை ஆசையாக இரண்டு தடவை கூடுதலாகத் தூவுகிற அந்த ஒரு கிராம், தொட்டியில் இருக்கலாம் என்று நாம் அனுமதித்ததைப்போல மூன்று மடங்கு!

எல்லாமே தண்ணீரில் தங்கிவிடாது. மீன் உடம்பில் கொஞ்சம் சேரும், கல் கொஞ்சம் உறிஞ்சும், பாசி கொஞ்சம் தின்னும். ஆனாலும், பாஸ்பேட் ஏறிவிட்டது என்று புலம்புகிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தீனி டப்பாவைத்தான். யார் யார் தீனி போடுகிறார்கள் என்று குடும்பத்தில் ஒரு விசாரணை கமிஷன் வைத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

நைட்ரேட்டின் கதை வேறு. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். வேறொரு பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். இந்த பாக்டீரியா கூட்டம் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் உயிரினம் விடாமல் பொறுத்திருக்க வேண்டும். ‘இன்னிக்கு தொட்டி, நாளைக்கு மீன்’ என்று அவசரப்படுகிற இடத்தில்தான் பெரும்பாலான சாவுகள் நடக்கின்றன. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை இருந்தால் பயமில்லை.

அப்படியென்றால் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தண்ணீரைப் பளிங்குபோல் ஆக்குகிற ஆர்வத்தில், பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைக் கொட்டி, ஸ்கிம்மரை இரவு பகலாக ஓட்டி, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற நுண்பாசி பட்டினி கிடக்கும். பவளம் வெளிறும். போதாததற்கு, டைனோ எனப்படும் பழுப்பு நிறக் கொழகொழப்பு வேறு போட்டியாளர் இல்லாத இடத்தில் படர்ந்துவிடும். வெளியே எடுக்க எடுக்க வரும். அதோடு ஒப்பிட்டால், கொஞ்சம் பச்சைப் பாசி இருக்கிற தொட்டி எவ்வளவோ மேல் என்பேன்.

நைட்ரேட்டைக் குறைக்க ரீஃப் வளர்ப்பாளர்கள் செய்கிற ஒரு காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தொட்டிக்கு வோட்கா ஊற்றுகிறார்கள்! பாக்டீரியாவுக்கு கார்பன் உணவு கிடைத்தால் அது பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றிவிடும். சொட்டுக் கணக்கு, சில மில்லிலிட்டர். வினிகரும் இதே வேலையைச் செய்யும். ‘தொட்டிக்குத்தான் வாங்கினேன்’ என்று டாஸ்மாக் வாசலில் நின்று சொல்வதைவிட வினிகர் மரியாதை! ஆனால், புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் இரண்டு பக்கமும் போக வேண்டாம். அளவு கூடினால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால்போல் கலங்கி, ஆக்சிஜன் இல்லாமல் ஒரே இரவில் மீன்கள் செத்துவிடும்.

வெற்றிலைச் சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன்

கல் பவளம் வளர்கிறது என்றால் அது சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். அதற்கு கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். தண்ணீரில் கார்பனேட் இருப்பைக் காட்டுகிற காரத்தன்மை, 7 முதல் 9 டி.கே.எச். வரை இருக்கலாம். 7.5 ஆ, 8.5 ஆ என்பது பெரிய விஷயமில்லை. இன்று 7, நாளை 10, அடுத்த நாள் 8 என்று குதிக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு டெஸ்ட் கிட் வாங்கத்தான் காசு இருக்கிறது என்கிறவர் இந்தக் காரத்தன்மை கிட்டைத்தான் வாங்க வேண்டும். சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறும்போது எண்ணிக்கொள்கிற எளிய சோதனை. பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்றால், அது கூடு கட்டுவதை நிறுத்தும். கார்பனேட் செலவாவது குறையும். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் கிட் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டையும் ஒருசேரக் கொடுக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற பழைய வழி ஒன்று உண்டு. ஜெர்மன் மொழியில் ‘கல்க்வாசர்’ என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீர்தான் அது! ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக, ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கடுமையான காரம் என்பதால் மொத்தமாக ஊற்றினால் அவ்வளவுதான். பெட்டிக்கடைச் சுண்ணாம்பும் உதவாது. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.

இதில் நெஞ்சை உறுத்துகிற ஒரு விஷயமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைப் பல பத்தாண்டுகளாக வெட்டியெடுத்து, சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பயன்படுத்தினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போன இடத்தில் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. அங்கே பவளத்தை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தோம்; இங்கே சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்க்கிறோம்.

தண்ணீரைக் கொளுத்தி நிறம் பார்க்கிற கருவி

காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட் எல்லாம் வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்ட்ரான்சியத்தையும் மாலிப்டினத்தையும் எப்படி அளப்பது? இந்த இடத்தில் சிவகாசிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஏனென்றால், அந்தக் கருவி வேலை செய்வது மத்தாப்பின் தத்துவத்தில்தான்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் சூடேறும்போது வெளியிடுகிற ஒளி தனி. ஸ்ட்ரான்சியம் என்றால் சிவப்பு, பேரியம் என்றால் பச்சை. 1860-ல் ஜெர்மனியில் புன்சனும் கிர்காஃபும் டூர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சியதைத் தீயில் காட்டி, அதுவரை யாரும் காணாத இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்தார்கள். சீசியம் என்ற புதிய தனிமம் அப்படித்தான் சிக்கியது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தீயைக் கேட்பது அன்று தொடங்கியது.

இன்றைய ஐ.சி.பி. கருவியில் தீக்குப் பதில் ஆர்கான் வாயுவின் பிளாஸ்மா. சூரியனின் மேற்பரப்பைவிட அதிகச் சூடு. அதற்குள் தொட்டித் தண்ணீரைத் தூவுவார்கள். தனிமங்கள் எல்லாம் தத்தம் நிறத்தில் ஒளிரும். எந்த நிறம் எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து, எது எத்தனை மில்லிகிராம் என்று கணினி சொல்லிவிடும். சுருக்கமாகச் சொன்னால், தொட்டித் தண்ணீரில் செய்த ஒரு கலர் மத்தாப்பு! ஒரே சமயத்தில் 30-க்கும் மேற்பட்ட தனிமங்கள் தெரிந்துவிடும். நைட்ரேட் மட்டும் இதில் தெரியாது. அதற்குத் தனிச் சோதனை.

இந்த அறிக்கை கையில் இல்லாமல் நுண் தனிம பாட்டில்களை வாங்கவே வாங்காதீர்கள். கடை அண்ணாச்சி, ‘இதையும் ரெண்டு மூடி ஊத்துங்க, கலர் சும்மா தூக்கும்’ என்பார். ஸ்ட்ரான்சியம் பாட்டில், அயோடின் பாட்டில், இரும்பு பாட்டில் என்று வரிசையாக வைத்திருப்பார். பவளம் கால்சியத்தோடு சேர்த்து ஸ்ட்ரான்சியத்தையும் தன் கூட்டுக்குள் வைத்துக் கட்டுகிறது என்பது உண்மை. எவ்வளவு உண்மை என்றால், பழைய பவளக் கூட்டில் கால்சியத்துக்கு எத்தனை பங்கு ஸ்ட்ரான்சியம் என்று பார்த்து, நூறாண்டுக்கு முன் அந்தக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்றே விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆனால், 200 லிட்டர் தொட்டியில் ஸ்ட்ரான்சியம் கால் பங்கு குறைந்துவிட்டது என்றாலும், ஈடுகட்டத் தேவைப்படுவது அரை கிராமைத் தாண்டாது. 15 நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, நல்ல உப்புக் கலவையில் செய்த புதுத் தண்ணீரை ஊற்றினாலே, பவளம் குறைவாக உள்ள தொட்டிகளில் நுண் தனிமங்கள் தாமாக ஈடுகட்டப்பட்டுவிடும்.

நைட்ரேட்டைக் குறைக்க மட்டும் தண்ணீர் மாற்றுவதை நம்பாதீர்கள். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் 20 இருந்த நைட்ரேட் 18 ஆகும், அவ்வளவே. தீனியைக் குறைப்பதும், பக்கத்துத் தொட்டியில் கடல்பாசி வளர்த்து அவ்வப்போது அறுத்து எறிவதும்தான் அதற்கு மருந்து.

தாமிரத்துக்கு வருவோம். கடலில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடுகிற மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு, மயில்துத்தத்தின் சொந்தம்தான். மீன் தாங்கிக்கொள்ளும். பவளமும் இறாலும் நத்தையும் தாங்காது. நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். செம்புக் குடமும் பித்தளைக் குழாயும் ஏன் கூடாது என்றதற்குக் காரணம் இதுதான்.

சிவகாசி வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘நம்ம ஆலையில ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் மூட்டையாவே கிடக்கே’ என்று யாராவது ஜோக்கடித்தால் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். பட்டாசு ரசாயனத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது ஆபத்து. தொட்டிக்கும் ஆகாது, அதில் பாதிக்கு மேல் எடை நைட்ரேட்தான், மிச்சத்தில் என்ன அசுத்தமோ! பச்சை உப்பு என்கிற பேரியம் நைட்ரேட்டைப் பட்டாசிலேயே பயன்படுத்தக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2021-ல் மறுபடியும் வலியுறுத்தியிருக்கிறது.

பவளம் வாங்கும் முன்…

கல் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், கடல் விசிறி, தீப்பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை! நம் கடலிலிருந்து ஒரு துண்டை எடுத்தாலும், விற்றாலும், வாங்கி வைத்திருந்தாலும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ‘ராமேஸ்வரத்துல எடுத்தது, உயிர்க்கல்லு, கிலோ விலைக்குத் தர்றேன்’ என்று யாராவது போனில் படம் அனுப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னால் இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வனத்துறையிடம் விசாரியுங்கள்.

மீன் மட்டும் போதும் என்றால் கவலை குறைவு. நெமோ படத்தில் வருகிற கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கிற தொழில்நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் உருவாக்கித் தந்திருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன், தொட்டியில் போடுகிற தீனிக்குப் பழகியிருக்கும்; சீக்கிரம் சாகாது.

ஸ்கிம்மர் இல்லாத பெரிய தொட்டி

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளோடு கிடக்கிறது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது. 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. வீட்டுத் தொட்டியில் தீனி அதிகமானால் என்ன ஆகுமோ, கரையிலிருந்து சாக்கடையும் கழிவும் கலக்கிற கடலில் அதேதான் ஆகும்.

2019 செப்டம்பரில் பாம்பன், குந்துகால் பக்கம் கடல் திடீரென்று பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகியதால் வந்த பச்சை. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் வற்றி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. சிங்கில், குருசடை, பூமரிச்சான் தீவுகளைச் சுற்றியிருந்த பவளங்களும் அடிபட்டன. அதற்கு முன்பே 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளங்கள் தங்கள் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்து, ஏராளமாக மடிந்திருந்தன. நம் வீட்டுத் தொட்டி சூடானால் சில்லர் போடுகிறோம். கலங்கினால் தண்ணீர் மாற்றுகிறோம்.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு அரித்துச் சுருங்கிக்கொண்டே வந்ததால், 2015-லிருந்து அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அங்கே பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரான்சியம் ஊற்றுகிறவர் யாருமில்லை. கலங்கல் இல்லாத தண்ணீரும், பிடித்து வளர ஓர் இடமும் கிடைத்தால் பவளம் தானாகவே வந்து உட்காருகிறது.

தொட்டி வைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள், அந்தப் பணத்தில் சிறு பங்கை எடுத்து ஒரு தடவை குடும்பத்தோடு பாம்பன் போய் வரலாம். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்று பலமாக இருக்கிற மாதங்களில் படகு ஓடாது என்பதால், கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.